புள்ளி வட்டம்

ஒரு வாரம் போதும் என்று டோனி சொன்னபோது அவன் வாயில் இட்லி இருந்தது. வாய் நிறைய இட்லி இருக்கும்போது உலகத்தில் எந்த வேலையும் எளிதாகத்தான் தெரியும்.

டோனி மதுரையில் கணக்கு வாத்தியார். கேள்வித்தாள்களை லேடெக்கில் தயாரிப்பவன். அந்த மென்பொருளில் எழுத்தோடு எழுத்தாகக் கட்டளைகளையும் எழுத வேண்டும். இது தலைப்பு, இது பின்னம், இது சிவப்பு என்று குறி போட்டு ஓட்டினால் பக்கம் தானே அமைந்து வரும். மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்துப் பக்கம் அமைக்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஓர் இளக்காரம். அவன் மனைவி எஸ்தர் தமிழ் டீச்சர். சனிக்கிழமை தோறும் எழுமலைக்கு பஸ் ஏறிப் போய், மிஷன் பள்ளியின் ஓர் அறையில், பள்ளிக்கூடமே போகாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களுக்காக அவள் எழுதிய பாடப்புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்து தருவதாகத்தான் இவன் வாயைக் கொடுத்தான்.

எஸ்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தை வெள்ளைச் சாக்பீஸில் போடுவாள். காலும் கொம்பும் சுழியும் சிவப்பில். டோனி ஒருமுறை கூடப்போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். வெள்ளை 'க' நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிவப்புக் கால் வந்து நின்றதும் அறை முழுக்க ஒரே குரலில் 'கா' என்கிறது. இத்தனை வருஷம் தமிழ் படித்தவனுக்கு அன்றைக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கோடு வந்து நின்றதற்கே சத்தம் நீண்டுவிட்டதே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

புத்தகமும் அப்படியே வேண்டும் என்றாள் எஸ்தர். எழுத்து கறுப்பு, குறி சிவப்பு.

அதற்கு ஒரு காரணம் தங்கப்பொண்ணு. நாற்பது தாண்டிய, காட்டு வேலைக்குப் போகிற பெண். 'தங்கப்' வரைக்கும் எழுதுவாள், அதோடு நின்றுவிடுவாள். 'பொ' வராது. போர்டில் பார்க்கும்போது புரியும். வீட்டுக்குப் போனால் கொம்பைக் கொண்டுபோய் எழுத்துக்குப் பின்னால் மாட்டிவிடுவாள். "மழை விழுந்துட்டா விதைப்புக்குப் போயிருவோம் டீச்சர். அதுக்குள்ள என் மிச்சப் பேரையும் குடுத்துருங்க" என்று வாராவாரம் கேட்பாள். போன வருஷமும் இப்படித்தான், மழையோடு போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. எஸ்தருக்கு அந்தப் பயம்.

சிவப்பு என்று சொல்லிவிட்டால் சிவந்துவிடும் என்றுதான் டோனி நினைத்தான். நடந்தது வேறு. எழுத்துக்கும் குறிக்கும் நடுவில் வண்ணக் கட்டளையைச் செருகியதும் லேடெக்குக்கு இரண்டும் வேறு வேறு ஆட்களாகிவிட்டன. 'ப' தனியாக ஒரு பக்கம் நின்றது. கொம்பும் காலும் இன்னொரு பக்கம் சிவப்பாக நின்றன. அவற்றுக்கு நடுவே, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். வீட்டுக்காரன் இல்லாத வீட்டு வாசலில் கோலம் போட்டு வைத்த மாதிரி.

வேறு எழுத்துரு போட்டான். வட்டம். வேறு கட்டளை போட்டான். வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. மண்டை காய்ந்தது. எங்கோ ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் திரை முழுக்கப் பிழைகளைக் கொட்டி அவனைத் திட்டியது. ஒரு வாரம் மூன்று வாரமானது. மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது.

"கறுப்பாவே இருக்கட்டுங்க. வகுப்புல நான் சிவப்புப் பேனா வச்சுக் காட்டிக்கிறேன்" என்றாள் எஸ்தர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தணிந்து சொன்னதுதான் அவனைச் சுட்டது.

சனிக்கிழமை காலை வண்ணக் கட்டளைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டினான். சிம்மக்கல்லில் பிரிண்ட் எடுத்து எழுமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவசரம். ஒரு பிழையில் சிக்கி லேடெக் பாதியிலேயே நின்றுவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அப்படி நின்றால் புதிய பக்கங்கள் உருவாகாது. முன்பு செய்த கோப்பு அதே பெயரில் அப்படியே கிடக்கும். அதைத்தான் அவன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

"கலர் பிரிண்ட்டாண்ணே?" என்றான் ஜெராக்ஸ் கடை அழகுராஜா.

"அட்டை மட்டும் கலர்தான், மாப்ள. எல்லாத்தையும் கலர் மிசின்லயே போடு, நேரமில்ல." அட்டை மேலே இருக்க, கட்டைப் பிரித்துப் பார்க்காமலே பையில் திணித்தான்.

எழுமலை வகுப்பில் புத்தகங்களைக் கொடுத்து முடித்த பிறகுதான் எஸ்தர் ஒன்றைப் பிரித்தாள். பிரித்தவள் டோனியைப் பார்த்தாள். அவன் எட்டிப் பார்த்தான். பக்கம் முழுக்கச் சிவப்புக் கொம்புகள், சிவப்புக் கால்கள், நடுவில் அந்தப் பாழாய்ப்போன வட்டங்கள். வெளியே இடி இடித்தது. இன்றைக்குத்தான் கடைசி வகுப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"எல்லாரும் புத்தகத்தை மூடுங்கம்மா. அதுல ஒரு தப்பு..." என்று டோனி தொடங்கினான்.

யாரும் மூடவில்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் தங்கப்பொண்ணு பென்சிலை எடுத்தாள். பக்கத்தில் தனியாக நின்ற கறுப்பு 'ப'வை விரலால் தொட்டாள். அதையே பார்த்துப் பார்த்து, மெதுவாக, அந்தப் புள்ளி வட்டத்துக்குள் எழுதினாள். இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், நடுவில் அவள் கையெழுத்தில் ஒரு கோணல் 'ப'.

"பொ" என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் குவிந்தது. அப்புறம் சத்தமாகச் சொன்னாள்.

அடுத்தடுத்த பெஞ்சுகளிலும் பென்சில்கள் நகர்ந்தன. வட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கெ, தொ, மொ என்று அறையின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் எழுத்துகள் கிளம்பின. எஸ்தர் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். டோனிக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வாரமாக அவன் எதைத் துரத்தியடிக்கப் பார்த்தானோ, அதற்குள் இவர்கள் ஒவ்வொருவராகக் குடியேறிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா பிரிண்ட் ஆயிருச்சு, எஸ்தர்" என்றான் மெல்ல.

"பேசாம இருங்க" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

மழை பிடித்துவிட்டது. ஓட்டின்மேல் சடசடவென்று விழுந்தது. காட்டுக்காரிகள் அத்தனை பேரும் இருந்த அறையில் ஒருத்திகூட மழையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கப்பொண்ணு புத்தகத்தின் ஓரத்தில் தன் பெயரைத் தொடங்கினாள். 'தங்கப்' வரைக்கும் வந்ததும் வழக்கம்போல் நின்றாள். கொம்பைப் போட்டாள். பிறகு அவளாகவே புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வரைந்தாள். அதற்குள் 'ப'வை வைத்து, காலை நிறுத்தினாள். மிச்சம் அவளுக்குத் தெரிந்ததுதான். எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதைச்சுட்டு அடுத்த சனிக்கிழமை வந்துருவேன் டீச்சர்" என்றாள். பிறகு டோனியின் பக்கம் திரும்பினாள்.

"எம்புட்டு யோசிச்சிருக்கீங்க சார். நான் வந்து எழுதிக்கிருவேன்னு எனக்கு இடம் விட்டு வச்சிருக்கீங்களே."

டோனியின் வாயில் இப்போது இட்லி இல்லை. "அடுத்த புத்தகத்துக்கு ஒரு வாரம் போதாது, எஸ்தர்" என்றான்.