குரங்கு ஆண்டின் முழுத்தாள்கள்

2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை முற்பகலில், ஹாங்காங் முத்திரையிட்ட பதிவுத்தபால் ஒன்று சுங்குவார்சத்திரத்தில் வனமாமலையின் வாடகை வீட்டில் ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்திட்டு வாங்கியவள் அவருடைய மனைவி செல்லக்கனி. வனமாமலை அப்போது வேலையில் இருந்தார். உறைக்குள் இருந்தவை 1992ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் வெளியான குரங்கு ஆண்டுத் தபால்தலைகள். ஒன்றுகூடக் கிழிக்கப்படாத இருபது முழுத்தாள்கள். அவற்றில் பாதி இசக்கிதுரைக்கும், மீதிப் பாதி வனமாமலைக்கும் தசரதனுக்கும் உரியவை.

மூவரும் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். வனமாமலை டூல்ரூமில் ஆய்வாளர். நாங்குநேரிக்காரர், முப்பது ஆண்டுகளாகத் தபால்தலை சேர்ப்பவர். திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளில் அவரிடம் இருந்த இரண்டு ஆல்பங்களைப் பார்ப்பதற்கென்றே சென்னையிலிருந்து ஆட்கள் வந்ததுண்டு. இசக்கிதுரை கடையநல்லூர்ப் பக்கத்து இளைஞன். பிரஸ் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும், சொந்த வண்டியாக ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. மணிமங்கலத்துத் தசரதன் லேபிள் பிரிவில் கோந்து பூசும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன்.

பிரஸ் எந்திரங்களில் அச்சுகளைப் பொருத்தித் தருவதற்காகத் தைவானிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த லின் என்ற பொறியாளரும் தபால்தலைப் பித்தர். சீன நாட்காட்டியில் 2004 ஜனவரியில் மறுபடியும் குரங்கு ஆண்டு பிறக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய குரங்கை அப்போது எல்லோரும் தேடுவார்கள். இப்போதே வாங்கிவைத்தால் லாபம் என்று கணக்குச் சொன்னவர் அவர்தாம். வனமாமலைக்கு அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை. மற்ற இருவரும் வனமாமலையை நம்பினார்கள். வண்டிக்காகச் சேர்த்திருந்த முழுவதையும் இசக்கிதுரை அதில் போட்டான்.

மாலையில் வனமாமலை வீடு திரும்பியபோது வாசலிலேயே வேப்பிலை வாடை அடித்தது.

"செருப்ப வெளியவே விடுங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க," என்றாள் செல்லக்கனி. "ஹாங்காங்ல இருந்து ஒங்க தபாலு வந்துட்டு."

"பிரிச்சியா?"

"பிரிக்காம எப்படிச் சுத்தம் பண்ண? சீனாக்காரக் காய்ச்சலு அங்கதான. மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டு அலையுதாவ, டிவியில பாத்தியள்லா. எவன் தும்முன கையோட கட்டி அனுப்புனானோ."

கட்டிலின்மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, இருபது தாள்களையும் அவள் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தாள். பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"வேப்பங்கொழையப் போட்டுக் கொதிக்க வச்சு, ஆறவிட்டு, ஒவ்வொண்ணா முக்கி எடுத்தேன். மஞ்சப் போடல, கறை புடிச்சிரும்லா. பின்பக்கம் கொழகொழன்னு ஒரே அழுக்கு. அதயும் மெதுவாத் தேச்சு எடுத்துட்டேன். பொறவு மேல துணியப் போட்டு இஸ்திரி போட்டேன். ஒரு சுருக்கு இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

வனமாமலை ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் குரங்குகள் நிறம் மாறாமல் இருந்தன. பின்புறம் மட்டும் பளபளப்பில்லாமல் வெறும் காகிதமாக இருந்தது. அவர் அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். இருபதையும் பார்த்து முடித்த பின்னும், பார்க்க வேண்டியது இன்னும் ஏதோ மீதி இருப்பதுபோல் நின்றார்.

"சுருக்கு இல்ல," என்றார்.

பயன்படுத்தாத தபால்தலைக்கு அதன் பின்புறக் கோந்துதான் மதிப்பு. அச்சகத்திலிருந்து வெளிவந்தபோது இருந்தபடியே அது இருந்தால் ஒரு விலை. அது போய்விட்டால், விலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. செல்லக்கனிக்கு இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய உறைகளை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, தபால்தலைகளை உரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த கணவரைத்தான் அவள் இத்தனை ஆண்டுகளும் பார்த்திருந்தாள். பயன்படுத்திய தபால்தலைகளுக்கு அது முறை. அந்த முறையைத்தான் அவள் பின்பற்றினாள். இன்னும் சொல்லப்போனால், அவரைவிடச் செம்மையாகவே செய்திருந்தாள்.

அவளைக் கடிந்துகொள்ள அவரால் ஆகாது. ஒன்பது ஆண்டுகளுக்குமுன் அவர்களுடைய ஒரே மகள் சுகப்பிரியா மூளைக்காய்ச்சலில் இறந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அன்றுமுதல் அந்த வீட்டில் தண்ணீர் காய்ச்சாமல் குடிக்கப்பட்டதில்லை. கடையில் வாங்கிய கீரைகூட வெந்நீர் படாமல் அடுப்படிக்குள் போனதில்லை. காய்ச்சல் என்று யார் சொன்னாலும் செல்லக்கனியின் கைகள் தாமாகவே வேலை தொடங்கிவிடும்.

"நல்லாச் செஞ்சிருக்க," என்று சொல்லிவிட்டு வனமாமலை தாள்களை அட்டைக்குள் வைத்தார். அவள் காப்பி கொண்டுவந்தாள். குடித்தார். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அது வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவுமில்லை.

மார்ச்சில் ஊருக்குப் போயிருந்த லின் திரும்பவில்லை. சார்ஸ் நோய் அடங்கும்வரை ஆட்களை அனுப்ப அவருடைய நிறுவனம் மறுத்துவிட்டது. பொருத்த ஆளில்லாமல் புதிய அச்சுகள் பெட்டியிலேயே கிடந்தன. பிரஸ் லைன் நின்றது. மே மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தினார்கள். அவர்களில் இசக்கிதுரையும் ஒருவன்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, எம் பங்க மட்டும் இப்பவே வித்துக் குடுத்திருங்க," என்றான் இசக்கிதுரை. "கொறஞ்சாலும் பரவால்ல. வேல இல்லாம ரூம்ல எத்தன நாளு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்க?"

"இப்ப விக்க முடியாது இசக்கி. ஹாங்காங்ல கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. உசுருக்குப் பயந்தவன் எவன் ஸ்டாம்ப் வாங்குவான்? வெல பாதியாயிட்டுன்னு லின் போன்ல சொன்னாரு."

"இன்னா சார் இது," என்றான் தசரதன். "காய்ச்சல் மனுசனுக்கா, குரங்குக்கா?"

வனமாமலை கோந்து போன செய்தியை அப்போதுதான் சொன்னார். குரலை உயர்த்தாமல், டூல்ரூமில் ஒரு பாகத்தைக் கழித்து ஒதுக்கும்போது காரணம் சொல்வதுபோலச் சொன்னார்.

இசக்கிதுரையின் கையிலிருந்த தேநீர் ஆடை கட்டியது.

"மதினிக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"ஒங்கள நம்பித்தான் போட்டேன், அண்ணாச்சி."

"தெரியும்."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வனமாமலைக்கு எளிதாக இருந்திருக்கும். மறுவாரம் முதல் அவன் ஒரகடத்தில் வேறொருவனுடைய ஷேர் ஆட்டோவில் நாள்கூலிக்கு ஓட்டப் போனான்.

ஜூலையில் நோய் அடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. ஹாங்காங்கில் கடைகள் திறந்தன. மாதங்களாக வீட்டுக்குள் அடைந்துகிடந்த சேகரிப்பாளர்கள், விட்டதைப் பிடிப்பவர்கள்போல வாங்கத் தொடங்கினார்கள். டிசம்பரில் டூல்ரூமுக்கு லின் தொலைபேசியில் அழைத்தார். இருபது தாள்களையும் எடுத்துக்கொள்ள ஹாங்காங்கில் ஒருவர் தயார்; போட்டதைப் போல ஒன்றரை மடங்கு கிடைக்கும்; வனமாமலையின் பொருள் என்பதால் அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார் என்றார். பிறகு, வழக்கத்துக்குக் கேட்பவர்போல, "கோந்து நன்றாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டார்.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்," என்றார் வனமாமலை. அப்படிச் சொன்னதற்குக் காரணம் என்ன என்று அவருக்கே விளங்கவில்லை.

லின் சொன்னதை அவர் மற்ற இருவருக்கும் தெரிவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தசரதன் இசக்கிதுரையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வனமாமலையிடமிருந்து முன்பே ஒரு தாளை மாதிரிக்கு என்று வாங்கிப்போயிருந்தான். அதை நாளிதழுக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பின்புறம் சன்னமாக, சீராகப் பளபளத்தது.

"எப்டி கீது? நம்ம மிஷின்லயே வுட்டேன். ரோலரை மெல்லிசா செட் பண்ணிக்கினு ஒரே ஓட்டு. மீதியும் குட்தீங்கன்னா நாளிக்கே முட்சிர்லாம் சார்."

வனமாமலை பூதக்கண்ணாடியை எடுத்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. ஓரத் துளைகளின் நுனியில் மட்டும் காகித இழைகள் கோந்தில் தோய்ந்து விறைத்து நின்றன. பழைய தாளில் அவை பஞ்சுபோல இருக்கும். தேடிப் பார்ப்பவனுக்கு மட்டுமே தெரியும்.

"அவுருதான் பிரிச்சே பாக்க மாட்டாராமே," என்றான் தசரதன். "இசக்கிய நெனச்சுப் பாரு சார். அவன் இன்னா தப்பு பண்ணான்?"

இசக்கிதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி என்ன சொல்லுதாவளோ அதுதான்," என்றான். அதற்கு மேலும் சொல்ல அவனிடம் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

வனமாமலை கண்ணாடியைக் கீழே வைத்தார். "இத அனுப்பிச்சா வாங்கிக்கிடுவாவ. நீ சொல்லுதது சரிதான். ஆனா அதுக்குப் பொறவு எங்கிட்ட இருக்கிறதுல எத நான் நம்ப? எனக்கு வித்தவனும் இப்படித்தான் செஞ்சிருப்பான்னு ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அட, தண்ணில முக்கி கோந்தக் கழுவுனது உங்க வூட்ல, இப்ப ஊரெல்லாம் நேர்மையா இருக்கணுமா?" என்று தசரதன் சொல்லி முடிக்குமுன்பே அடுப்படி வாசலில் செல்லக்கனி நிற்பதைக் கண்டான். வாயை மூடிக்கொண்டான். அது தாமதமாகிவிட்டது.

அவள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். மேசையருகே வந்து, கோந்து பூசிய தாளை எடுத்து, பின்புறத்தை விரலால் தடவினாள். ஏப்ரலில் தேய்த்தெடுத்தது இதைத்தான் என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தக் கொழகொழப்பு அழுக்கு இல்லியா?"

"இல்ல," என்றார் வனமாமலை.

"எட்டு மாசமாச் சொல்லலியே."

அவர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"கொதிக்க வச்சது தப்பா?"

"தப்பு இல்ல."

அவள் தலையசைத்தாள். மூவருக்கும் காப்பியை எடுத்துக் கொடுத்தாள். இசக்கிதுரைக்குக் கொடுக்கும்போது, "ஒனக்கு எத்தன பங்கு, தம்பி?" என்று கேட்டாள். "பாதி, மதினி," என்றான். உள்ளே போனவள் திருவிதாங்கூர் ஆல்பங்கள் இரண்டையும் கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள்.

"இதுல நான் கை வைக்கல," என்றாள். "இத்தன வருசமா இதத் தொடுததுக்கு நீங்க விட்டதும் இல்ல."

வனமாமலை அவற்றைத் திறக்கவில்லை. அட்டையின்மேல் கைவைத்தார். எதையேனும் உணர வேண்டிய நேரம் அது என்று அறிந்திருந்தார்; அவ்வளவே.

2004 ஜனவரி முதல் வாரத்தில் முடிவானவை இவை. தாள்களில் கோந்து இல்லை என்று லின்னிடம் சொல்லப்பட்டது. அவர் வருந்தினார், ஹாங்காங்காரர் பின்வாங்கினார். ஆல்பங்கள் சென்னைப் பாரிமுனையில் தபால்தலை வணிகம் செய்யும் யாக்கோபுவுக்கு விற்கப்பட்டன. இசக்கிதுரை போட்டது குறையாமல் திருப்பித் தரப்பட்டது. லாபம் தரப்படவில்லை, அவனும் கேட்கவில்லை. தசரதன் தன் பங்குக்கு ஐந்து தாள்களைக் கோந்தில்லாமலேயே வாங்கிக்கொண்டு போனான். மீதித் தாள்கள் வனமாமலையிடம் இருந்தன. தசரதனின் எந்திரத்தில் கோந்து பூசப்பட்ட தாளைச் செல்லக்கனி பாத்திரத்தில் நீர் ஊற்றி ஊறவைத்து, பின்புறத்தைத் துடைத்து, வேட்டியின்மேல் காயவைத்தாள். இந்த முறை வேப்பிலை போடவில்லை.