இன்னும் ஐந்தாகவில்லை

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் என் தங்கை போனில் சொன்னாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவர் வந்து கதவைத் தட்டினா திறப்பேன். அஞ்சு தாண்டிட்டா திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்துடுவேன். நீயே கூட்டிட்டு வா. நீதானே கட்டி வெச்சே."

உண்மைதான். மாப்பிள்ளை என் கூடப் படித்தவர். தங்கமான மனுஷன் என்று வீட்டில் அடித்துச் சொன்னது நான். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறேன். கோபம் தலைக்கேறினால் மட்டும் பழைய 'டா' தானாக வந்துவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் பாத்ரூம் கதவுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று ஒரு சண்டை. அது "நீ இல்லாமலே நான் நல்லா இருப்பேன்" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனதில் முடிந்தது. நன்றாகவா இருந்தார்? கூட்டிவரப் போனபோது அவர் அறையைப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சட்டை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் பைக்கில் கிளம்பினோம். டேங்க் நிறையப் பெட்ரோல். முந்நூறு கிலோமீட்டர்தான், சாவகாசமாகப் போனாலும் மூன்று மணிக்குப் போய்விடலாம்.

டீக்கடையில் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போயிருப்போம், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். பின்னால் மெதுவாக வந்த எல் போர்டு கார் ஒன்று நின்றது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இறங்கினார். ஸ்டியரிங்கில் இருந்த மாணவருக்கு அறுபது வயதாவது இருக்கும்.

"சார், நீங்க அப்படியே கிளட்சை மிதிச்சுப் பழகிட்டிருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாஸ்டர் என் வண்டியின் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், உதைத்தார். சட்டை தெப்பலாக நனைந்தபின் வண்டி கிளம்பியது. மாணவர் சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அதே ஒரு கிலோமீட்டர், அதே இருமல். இந்த முறை ஒரு ரொட்டி வேன் நின்றது. வேன்காரர் சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டு ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தார். அவர் மனைவி எனக்குக் குடை பிடித்தார், மாப்பிள்ளைக்கு இரண்டு பன் கொடுத்தார். "நீங்க ரொம்ப வாடியிருக்கீங்க" என்றாராம். எனக்குப் பன் கிடையாது. ஒன்றரை மணி நேரம் போனபின் வண்டி கிளம்பியது.

மூன்றாவது தடவை மாப்பிள்ளை, "மச்சான், ஒண்ணுக்குப் போகணும்" என்று நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தங்கைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டரில் வண்டி நின்ற இடம் ஒரு பஞ்சர் கடை வாசல். மணி மூன்றே முக்கால். இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்.

கடைக்கார அக்கா தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுக்கதையையும் கொட்டினேன், தங்கை, ஐந்து மணி, வக்கீல் எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் எங்கயாவது இறங்கி ஏறினப்புறம்தான் நின்னுதா?"

"ஆமாக்கா."

அவர் குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டார். பிறகு என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"தம்பி, கையைக் காட்டுங்க." மோந்து பார்த்தார். "பெட்ரோல் டேப்பை மூடினா, உள்ள மிச்சம் இருக்கறதுல ஒரு கிலோமீட்டர் ஓடும். அப்புறம் நிக்கும்."

"டேய்" என்றேன்.

"பயமா இருந்துது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நேரத்துக்குப் போயும் அவ திறக்கலைன்னா? லேட்டாப் போனா, லேட்டானதாலதான் திறக்கலைன்னு நெனச்சுக்கலாம்ல."

"அப்போ வண்டி எப்படிடா கிளம்புச்சு?"

"மாஸ்டர் சட்டை நனைஞ்சு போச்சு. ரொட்டிக்காரர் கையைச் சுட்டுக்கிட்டார். பாவமா இருந்துது, திறந்து விட்டுட்டேன்."

"நானும் உதைச்சேனேடா. நான் பாவமாத் தெரியலையா?"

"நீங்க திட்டிக்கிட்டே உதைச்சீங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் டியூப் தொட்டிக்குள் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணிக்குப் போக இனி வழியே இல்லை, என் தங்கை வாழ்க்கை ஒரு டேப்பில் போய்விட்டது. அக்கா பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி, டேப்பைத் திறந்து வைத்து, அது அசையாதபடி இறுக்கிக் கட்டினார்.

"இனிமே கத்தி இருந்தாத்தான் மூட முடியும்" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம் சோப்பை நீட்டினார். "கையைக் கழுவுங்க தம்பி. வீட்டுக்குப் போற கை பெட்ரோல் நாறக் கூடாது. பயமா இருந்தா பயத்தோடயே போங்க, வண்டியை ஏன் நிறுத்தறீங்க?"

அவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். அதற்கப்புறம் நாங்கள் எங்கும் இறங்கவில்லை.

தங்கை வீட்டு வாசலில் நின்றபோது என் வாட்சில் ஐந்தே முக்கால். மாப்பிள்ளை கதவைத் தட்டினார். உடனே திறந்தது, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள் போல.

"லேட்டாயிடுச்சு" என்றார் அவர்.

"யார் சொன்னது? மணியைப் பாருங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நான் என் வாட்சைப் பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். விநாடி முள் அசையவில்லை. கடிகாரத்தின் செல் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அங்கே ஒருத்தர் டேப்பை மூடியிருக்கிறார், இங்கே ஒருத்தி செல்லைப் பிடுங்கியிருக்கிறாள், நடுவில் இடுப்பு ஒடிந்தது எனக்கு.

"நான்தான் வழியெல்லாம் வண்டியை நிறுத்தினேன்" என்றார் மாப்பிள்ளை. குரல் உடைந்துவிட்டது. "பயமா இருந்துது."

"எனக்கு மட்டும் இல்லாமலா?" என்றாள் தங்கை. அவளும் அழுதாள்.

எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க, செல்லை எடுத்துக் கடிகாரத்தில் போடப் போனேன்.

"அண்ணா, அதைத் தொடாதே" என்றாள். "அவர் முதல்ல உள்ள வரட்டும்."