நட்சத்திர அச்சு

கெசீனா கழுகுத் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றினாள். பித்தளை துலக்கும் பசை தொப்பியின் தோலில் பட்டால் கறை விழும். தகட்டைத் தனியே எடுத்துத்தான் துடைக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா வழிவந்த, பழைய ஜெர்மன் ராணுவத்துக் கூர்முனைத் தொப்பியின் தகட்டை அப்பா யாரையும் கழற்ற விட்டதில்லை. இன்று அடுத்த அறையில், கல்லறைச் சிற்றாலயத்தில், சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவரால் தடுக்க முடியவில்லை.

தோலில் இரண்டு துளைகள் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. பழைய இரண்டைச் சுற்றி எட்டுமுனை நட்சத்திரத்தின் அச்சு, வெளிறாத கருப்பில்.

நகரப் போலீஸ் நட்சத்திரம். பழைய தொப்பிகள் அசலா போலியா என்று அப்பா கொடுத்த சான்றிதழ்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, இந்தத் தொப்பியோடு போர்க்களம் கண்டதாக அப்பா சொல்லிவந்த கொள்ளுத்தாத்தா சந்தை முனையில் குதிரைவண்டிகளை ஒதுக்கிவிட்டவர்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், அவளுடைய நிச்சயதார்த்த விருந்தில், மாப்பிள்ளை ஐக்கே கொண்டுவந்த அவன் குடும்பத்துத் தொப்பியைத் தட்டிப் பார்த்து அப்பா தீர்ப்புச் சொன்னார்: "போலீஸ்காரன் தொப்பியில ராணுவக் கழுக மாட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க!" ஐக்கேயின் அப்பா வாத்து வறுவலைப் பாதியில் விட்டு எழுந்துபோனார். பொய்க்காரக் குடும்பம் வேண்டாமென்று மோதிரத்தைத் திருப்பி அனுப்பியவள் கெசீனாதான். பிறகு அப்பாவுக்குச் சூப் ஆறவைத்தே காலம் போயிற்று.

பழைய ராணுவத் தொப்பி சேகரிப்போர் சங்கத் தலைவர் ட்யூர்கோப், தொப்பியை ஏந்திச் செல்ல ஒரு சிறு வெல்வெட் மெத்தையுடன் வந்தார். அச்சைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"சங்கத்துல எல்லாருக்குமே தெரியும்மா. நம்ம தொப்பிக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கறவரே அவரு. அவரோடத யாரு கழட்டிப் பாக்கறது?"

"அப்ப ஐக்கே வீட்டுத் தொப்பி?"

அவர் மெத்தையின் குஞ்சத்தை நேராக்கினார். "அது அசல்."

"அது போலின்னு அப்பா குடுத்த சர்டிபிகேட்ல ரெண்டாவது கையெழுத்து உங்களோடது."

"நீ போயிட்டா தனியாயிடுவேன்னு அழுதாரும்மா. நல்ல பிராந்தி வேற ஊத்தினாரு."

மணி அடித்தது.

"சீக்கிரம் கழுக மாட்டும்மா. பாதிரியார் காத்திருக்காரு."

கெசீனா தகட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தொப்பியை அப்படியே மெத்தையில் வைத்தாள். ட்யூர்கோப் துளைகள் பின்பக்கம் போகும்படி அதைத் திருப்பினார். அவள் மறுபடி முன்பக்கம் திருப்பி, மெத்தையைத் தானே ஏந்தி நடந்தாள்.

அவள் அதைப் பெட்டியின் மேல் வைத்ததும், பதக்கங்கள் குத்திக்கொண்டு முதல் வரிசையில் நிமிர்ந்திருந்த சங்கத்தார் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.