தொழில் வாரியாக, காலாண்டு வாரியாக

அமைச்சர்கள் அவையில் வாய்மொழியாக விடையளிக்க வேண்டிய கேள்விகளுக்கான பதில்கள், அவை கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அச்சாகி வினாப்பிரிவின் சாளரத்துக்கு வந்துவிடும். கையெழுத்திட்டால் உறுப்பினருக்கு ஒரு பிரதி உண்டு. பெரும்பாலோர் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஏழாம் வரிசையின் கடைசி இருக்கைக்காரர் மட்டும் பதினோரு ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை.

அவருக்கு அவையில் ‘வாரியாக’ என்று பெயர். சாலை விபத்தானாலும் அந்நிய முதலீடானாலும், ‘மாவட்ட வாரியாக, ஆண்டு வாரியாக விவரம் தருக’ என்று முடியாத கேள்வியை அவர் எழுதியதே இல்லை. பொதுவாகக் கேட்டால் அமைச்சர்கள் பொதுவாகச் சொல்லித் தப்பிவிடுவார்கள். கட்டம் போட்டுக் கேட்டால் கட்டத்தை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அன்று சாளரத்தருகே கட்சிக் கொறடா எதிர்ப்பட்டார்.

“என்னய்யா வாரியாக, போன வாரம் சாக்கடை மூடி, இந்த வாரம் வெளியுறவா? உம்ம தொகுதியில கடலே கிடையாது. கப்பல் எப்படிய்யா வந்துச்சு?”

“சாக்கடையெல்லாம் கடைசியில எங்க போய்ச் சேருதாம்?”

கொறடா உரக்கச் சிரித்தார். “இன்னிக்குத் தாராளமாக் கேளும். அந்த நாட்டுக்காரங்க விருந்து சாப்பிட்டுப் போய் அஞ்சு மாசமாச்சு. நம்ம அமைச்சருக்கும் கொஞ்சம் வேர்க்கட்டும்” என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

ஐந்து மாதங்களுக்கு முன் இதே கேள்விக்குக் குலுக்கலில் எண் விழுந்திருந்தது. அந்த வாரம்தான் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் விருந்தினராக வந்திருந்தார். “உம்மைக் கேக்காதேன்னு சொல்லலை. எண் கூப்பிடும்போது இருக்கையில இல்லாம இரும், அவ்வளவுதான்” என்றார் கொறடா. இருக்கையில் ஆள் இல்லையென்றால் கேள்வி காலாவதியாகும். எவர்மீதும் பழி விழாது. அடுத்த தேர்தலில் தொகுதி கிடைக்குமா என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர் இருக்கையில் இல்லாமல் இருந்தார். அக்காவிடம், “நேரம் முடிஞ்சுபோச்சுக்கா. என் நம்பர் வரல” என்றார். அக்கா நம்பினாள். தம்பி சொல்லி அவள் நம்பாத செய்தி அதுவரை ஒன்றும் இருந்ததில்லை.

கேள்வி அக்காவின் மகனைப் பற்றியது. கடல்கடந்த அந்த நாட்டின் ஒரு துறைமுக நகரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்தவன். தளத்தில் தீப்பிடித்தது. அன்றைய வேலைமுறையில் இருந்தவர்களைப் போலீஸார் அள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கு நிறுவனம் வக்கீல் வைத்தது, இவன் மட்டும் விசாரணையின்றிச் சிறையில் தங்கிப்போனான். தாய்மாமனான இவர் வெளியுறவுத் துறைக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் ‘கிடைக்கப்பெற்றோம்’ என்று நான்கு பதில்கள் வந்தன.

தனிநபர் பெயரை அவைக் கேள்வியில் எழுதக்கூடாது என்பது விதி. வினாப்பிரிவு அலுவலர் நல்ல மனிதர்; விதிக்குள்ளேயே வழி தேடித் தந்தார். “பேர் கூடாதுங்க. ஆனா தொழில் ஒரு வகைப்பாடுதானே? சிறை ஒரு வகைப்பாடு. பிறந்த வருஷமும் ஒரு வகைப்பாடு.” இருவரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, வெளிநாட்டுச் சிறைகளிலுள்ள குடிமக்கள் எத்தனை பேர், நாடு வாரியாக, சிறை வாரியாக, தொழில் வாரியாக, பிறந்த ஆண்டு வாரியாக, காலாண்டு வாரியாக என்று இழைத்தார்கள். முடித்தபோது அந்த வலையில் ஒரு கட்டத்துக்குள் அவன் ஒருவன் மட்டுமே நிற்க முடியும் என்ற நிலை வந்தது. அலுவலர் பேனாவை மூடிவிட்டு, “பிரமாதமா வந்திருக்குங்க” என்றார். அன்று காலாவதியான அந்தக் கேள்வியைத்தான் உறுப்பினர் இந்தக் கூட்டத்தொடரில் ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி தந்திருந்தார்.

இப்போது நடைபாதையில் நின்றபடி அந்தக் கட்டத்தைத் தேடினார். துறைமுக நகர மத்தியச் சிறை. வெல்டிங். பிறந்த ஆண்டும் சரி. முந்தைய காலாண்டு: 1. நடப்புக் காலாண்டு: 0.

விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார். விரல் வலப்புறம் நகர்ந்தது. விடுதலை: 0. வேறு சிறைக்கு மாற்றம்: 0. காலமானோர்: 1. அந்த ஒன்றுக்குமேல் சிறு நட்சத்திரக் குறி. தாளின் அடியில், பொடி எழுத்தில், மூன்று மாதங்களுக்கு முந்தைய ஒரு தேதியும் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்ற சொற்களும் இருந்தன.

அவர் வேண்டியபடியே எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது.

அக்கா மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். அனுமதிச்சீட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். இன்னும் சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அமைச்சரின் குரல் இதை அவளுக்குப் படித்துக்காட்டக்கூடும்.

மாடப்படியில் நின்ற காவலர் வழிமறித்தார். “உறுப்பினர்கள் மாடத்துக்குள்ள வரக்கூடாதுங்க ஐயா. யாரைப் பாக்கணும்னு சொல்லுங்க, வரச்சொல்றேன்.”

அக்கா வந்தாள். பையையும் கைபேசியையும் வாயிலில் காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டிருந்ததால் வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா தம்பி, கைதட்டக் கூடாதாமே? தும்மலாமான்னு கேட்டேன், அங்க காவலுக்கு நிக்கிற பொண்ணு மொறைக்குது. சரி, நீ ஏன் இங்க நிக்கிற? நேரமாகலையா?”

அவர் தாளை நீட்டினார். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவள் அதை வாங்கிய பிறகே அவருக்கு உறைத்தது. முப்பது ஆண்டுகள் மின்வாரிய அலுவலகத்தில் பட்டியல் சரிபார்த்து ஓய்வுபெற்றவள் அவள். கட்டம் கட்டமாக எழுதியதைப் படிக்க அவளுக்கு யாரும் துணை வேண்டியதில்லை.

அவள் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தாள். “வெல்டிங்… இதான். ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல. அப்போ விட்டுட்டானா?” விரல் நகர்ந்தது. “விடுதலை, பூஜ்யம். மாத்தினது, பூஜ்யம்.” விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அங்கிருந்து அது நெடுநேரம் எழவில்லை. பிறகு, பழகிய கை, நட்சத்திரக் குறியைப் பார்த்துத் தாளின் அடிக்குத் தானே இறங்கியது.

காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூணு மாசம்” என்றாள் அக்கா. “தினமும் அவன் சட்டைய வெயில்ல போட்டு எடுத்து வெச்சேனே. மூணு மாசமாவா?”

“அக்கா…”

“இரு. உன் கேள்வி முன்னாடியே ஒருதடவை வந்துச்சே, அது எப்போ?”

“அஞ்சு மாசம் முன்னாடி.”

“அப்போ உசுரோட இருந்தான்.”

“இருந்தான்.”

“நேரம் முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன.”

அமைச்சர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அத்தனை சொற்றொடர்களும் நாக்கு நுனியில் வந்து நின்றன.

“நேரம் முடியலக்கா. நான் உள்ள இல்ல.”

“எங்க இருந்த?”

“கேன்டீன்ல.”

“என்ன பண்ணிட்டு இருந்த?”

“டீ குடிச்சேன்.”

அவள் தாளை நான்காக மடித்தாள். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். இரண்டில் ஒன்று நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவை கூடும் மணி ஒலித்தது.

“அன்னிக்குக் கேட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பானா?”

“தெரியலக்கா.”

“உள்ள போ” என்றாள். “அவன் இப்போ எங்க இருக்கான்னு கேளு.”

அவருடைய எண் நான்காவதாக வந்தது. அமைச்சர் எழுந்து, பதில் அவைமுன் வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி அமர்ந்தார். கேள்வி தந்தவருக்குத் துணைக்கேள்வி கேட்க உரிமை உண்டு. அவர் எழுந்தார்.

“அவைத் தலைவர் அவர்களே. துறைமுக நகரச் சிறையில் காலமான வெல்டரின் உடல் தற்போது எங்கே இருக்கிறது?”

அமைச்சர் பின்னாலிருந்த அதிகாரியிடமிருந்து ஒரு சீட்டு வாங்கினார். “இறந்தவர் பணியாற்றிய நிறுவனம் கொடுத்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. அது திரும்பி வந்துவிட்டது. எவரும் உரிமை கோராத நிலையில், அந்நாட்டுச் சட்டப்படி முப்பது நாட்களுக்குப் பின் சிறை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகத் தூதரகம் தெரிவிக்கிறது.”

“உரிமை கோர ஆள் உண்டு. அவன் என் அக்காள் மகன்.”

அவையில் எங்கோ ஒரு தாள் புரளும் ஒலி கேட்டது. கொறடா தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவைத் தலைவர் கனிவாகத்தான் சொன்னார்: “உறுப்பினரின் துயரத்தில் அவை பங்குகொள்கிறது. ஆனாலும் அவர் அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும்.”

பதினோரு ஆண்டுகளில் எந்தத் துறையையும் பற்றி எந்த நொடியிலும் கேள்வி தொடுக்கத் தெரிந்த அந்த மனிதர், மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவைத் தலைவர் காத்திருந்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரமே காத்திருந்தார். பிறகு அடுத்த எண்ணை அழைத்தார். யாரோ ஒருவர் எழுந்து நெல் கொள்முதல் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

பார்வையாளர் வாயிலில், பொருள்களைத் திருப்பித் தரும் மேசையருகே அக்காவைக் கண்டார். அடையாள வில்லையைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டிருந்தாள். கைபேசியை எடுத்து, இயக்கி, பைக்குள் போட்டாள். அவர் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

“தோண்டி எடுத்து அனுப்பச் சொல்ல எந்த ஆபீஸுக்குப் போகணும்?”

“வெளியுறவுத் துறையில தூதரகப் பிரிவு. ரெண்டாவது மாடி.”

“எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“பத்து மணிக்கு. நான் காலையிலேயே வந்து உன்னைக் கூட்டிட்டு…”

“வேணாம் தம்பி” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. “உனக்கு நாளைக்குச் சபை இருக்குமில்ல. நீ உன் இருக்கையில இரு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி, பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று வாயில் காவலரிடம் விசாரித்துக்கொண்டு நடந்தாள்.