மியூரியல் அக்காவின் ஒரு மணித்தியாலம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மெல்பேர்னில் இருக்கிற மியூரியல் அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு என் தலையில் கட்டிய கதை. எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று காலத்தைக் கடத்துகிறேனாம். சரி, இதோ.

முதல் தொடக்கம்: "யாழ்ப்பாணத்தின் மீது இருள் கவிந்திருந்த அந்த..." வேண்டாம். கரண்ட் இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு முழக்கம் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: "மெலிந்த, சோகமான விழிகளுடைய மியூரியல்..." பச்சைப் பொய். அக்கா நல்ல உடம்புக்காரி. சிரித்தால் அலுவலகத்துக் களஞ்சியம் வரைக்கும் கேட்கும்.

2

சும்மா சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றின் கடைசி. இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணம் கொடுக்கிற ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். யார் எந்த முகாமில் என்பதெல்லாம் ஒரேயொரு கொம்பியூட்டருக்குள். அதற்குப் பொறுப்பு அக்கா. நான் களஞ்சியப் பொறுப்பு.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜெனரேற்றர் பின்னேரம் ஒரு மணித்தியாலந்தான் ஓடும். அந்த நேரம் எங்களுக்குத் திருவிழா. அக்காவின் அறையில் காற்றாடியும் சுற்றுமல்லவா, அதன் கீழே இருப்பதற்கென்றே ஆளாளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துக்கொண்டு போவோம். யாராவது நீர்வேலிக் கதலிப்பழம் கொண்டுவருவார்கள். பிரிண்டர் கறகறவென்று கத்தும். இன்றைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்குப் பசிக்கிறது.

(எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தோம்.)

கொம்பியூட்டரில் வேலை ஆகவேண்டியவர்கள் துண்டு எழுதி அக்காவின் மேசையில் வைக்கவேண்டும். எல்லோரும் கடைசி நேரத்தில்தான் வருவார்கள்; எல்லோரும் "அவசரம்" என்றுதான் எழுதுவார்கள். பொறுத்துப் பார்த்த அக்கா ஒரு சட்டம் போட்டார். அந்தச் சொல் உள்ள துண்டு அடுக்கின் அடிக்குப் போகும். பிறகென்ன, "வசதிப்படும்போது" என்று எழுதப் பழகினோம்.

3

தம்பிராசாவை இங்கே கொண்டுவர எனக்கு மனமில்லை. அவர் வந்தால் கதை பகிடியாக இருக்காது.

கொழும்புக்கு வேலைக்குப் போனவிடத்தில் சண்டையால் பாதை பூட்டுப்பட்டு, அந்த வாரந்தான் திரும்பியிருந்தார். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த மனைவி குணலட்சுமியும் பிள்ளையும் எந்த முகாமில் என்று தெரியாது. எங்கள் களஞ்சியத்தில் மூட்டை நிறுக்கச் சேர்ந்தார். அவர்களைத் தேடுவதற்குத் துண்டு எழுதிப் போடச் சொன்னார்கள். எழுதினார்: மிக அவசரம்.

அது அடியில் கிடந்தது. அடுத்த நாள் புதுத் துண்டுகள் மேலே ஏறின. அதற்கடுத்த நாளும்.

பிறகு ஒரு பின்னேரம், சாவகச்சேரியைச் சுற்றியிருக்கிற தென்மராட்சி முகாம்களிலிருந்து கொஞ்சக் குடும்பங்களை மறுநாள் விடிய வன்னிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கதை வந்தது. தம்பிராசா அக்காவின் வாசலில் போய் நின்றார். உள்ளே எங்கள் எல்லோருக்கும் மேலான பணிப்பாளர் சிவசுப்பிரமணியம். கொழும்புக் கப்பலில் போகவேண்டிய அறிக்கை அச்சாகிக்கொண்டிருந்தது.

"உமக்கென்ன வேணும்?" என்றார் அக்கா.

"மனிசியும் பிள்ளையும் எங்கை எண்டு பாக்க வேணும், மிஸ்."

அக்கா பிரிண்டரை நிறுத்தினார். கப்பல் போய்விடும் என்று பணிப்பாளர் பதறினார்.

"கப்பல் நிக்கட்டும், சேர்."

ஊரும் பெயரும் கொடுத்துத் தேடினார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம் என்று திரையில் வந்தது. அக்கா அதை வாசித்துச் சொன்ன கையோடு ஜெனரேற்றர் நின்றுவிட்டது. தம்பிராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வேலைக்கு வரவேயில்லை.

4

முடிவு அ: பள்ளிக்கூட வாசலில் பிள்ளை அப்பாவை அடையாளம் தெரியாமல் தாய்க்குப் பின்னால் ஒளி...

முடிவு ஆ: அந்த வகுப்பறையில் வேறொரு குடும்பம் சமைத்துக்...

இரண்டையும் தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டும் வேண்டாம் என்றார் அக்கா. பிறகு, இவ்வளவு காலமும் சொல்லாததைச் சொன்னார். தென்மராட்சியில் யார் யார் முகாம் மாறினார்கள் என்ற விபரம் மாதக்கணக்காக அவர் மேசையில் குவிந்து கிடந்ததாம். எங்களுடைய கடைசி நேர வேலைகளுக்கே அந்த மணித்தியாலம் காணாது. அதைக் கொம்பியூட்டரில் ஏற்ற எங்கே நேரம்?

"நான் சொன்ன பள்ளிக்கூடம் பழைய பதிவோ தெரியாது, தம்பி. அடுத்தநாள் அந்தக் கடதாசியளை எடுத்துப் பாத்திருக்கலாம். பயத்திலை பாக்கேல்லை."

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது கொம்பியூட்டர், கடதாசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். இனி எதைப் பார்ப்பது?

5

தம்பிராசா கண்டுபிடித்தார் என்று எழுதிவிடத்தான் கை துடிக்கிறது. கண்டிருந்தால் அவர்களோடேயே வன்னிக்குப் போயிருப்பார். வேலைக்கு வந்திருக்க மாட்டார். காணாவிட்டாலும் தேடிக்கொண்டு போயிருப்பார். அப்போதும் வந்திருக்க மாட்டார். நான் எதை எழுதினாலும் அது என் சரக்கு என்று அக்காவுக்குத் தெரியும்.

ஆகையால் உங்களைத்தான் கேட்கிறேன். அந்த வருசம் நீங்கள் சாவகச்சேரியில் இருந்திருந்தால், ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்து குணலட்சுமி என்று கூப்பிட்டவரைக் கண்டிருந்தால், ஆராவது ஓம் என்று வெளியே வந்தார்களா என்று சொல்லுங்கள். ஒருவரும் வரவில்லை என்றாலும் சொல்லுங்கள். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்பது என் பாடு.