பலகையில் ஏறிய தாள்

ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடப்பக்கம் நாங்கள் சொல்லக்கூடாத சொற்கள். வலப்பக்கம் அவற்றுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை. 'தெரியாது' என்பதற்கு 'மலர்ந்து வருகிறது'. 'பின்தங்கியிருக்கிறான்' என்பதற்கு 'தன் வேகத்தில் பயணிக்கிறான்'. தலைமையாசிரியை ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்த கையோடு வண்ணப் பேனாவில் எழுதி ஒட்டியது. போதாததற்குத் தினமும் காலைக் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி வாசிக்க வேண்டும், வாசித்த தாள் வராந்தாப் பலகையில் ஏறும். கழிவறைக் கதவு உடைந்து கிடந்த மாதத்தில்கூட, 'விரைவில் புதிய கதவு' என்று ஒரு தாள் அங்கே தொங்கியது.

இந்தக் கூத்தில் நானும் வேஷம் கட்டியவன்தான். என் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிப்பதால் பிள்ளைகள் அவளை ரேடியோ என்பார்கள். ஆனால் இரண்டு எழுத்தைச் சேர்த்துப் படிக்க அவளுக்கு வராது. மூன்று வருடமாக அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'வாசிப்பு மலர்ந்து வருகிறது' என்றுதான் இருக்கிறது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

போன மாதம் அவள் தம்பிக்குக் காய்ச்சல். தையல் ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில், புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து மருந்து கொடு என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அட்டையை நம்பிய தாய். முன்பு தனக்குக் கொடுத்த ஞாபகத்தில் இவள் மூன்று வேளை கொடுத்துவிட்டாள். புட்டியில் போட்டிருந்தது ஒரு வேளை. பையன் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தான்.

அடுத்த நாளே அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். சேலையெல்லாம் நூல் பிசிறு.

"சார், இவளுக்குப் படிக்க வருமா வராதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் வராந்தாவில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா முன்னேறிட்டு வர்றாம்மா" என்றேன்.

என் வாய்தான் அதைச் சொன்னது. அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். காறித் துப்பியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியைக்கு இதிலும் ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. தம்பி குணமாகி வீடு திரும்பியதைத் திங்கட்கிழமை அக்காவே வாசிக்கட்டும், அம்மாவையும் கூப்பிடுங்கள், நெகிழ்ச்சியாக இருக்கும் என்றார். எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதினேன். சிறுமிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டாள். பிறகு வெறுப்புத் தாங்காமல் அம்மாவுக்கு இன்னொரு தாள் எழுதினேன். 'உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று வருடமாகப் பொய் எழுதியவர்கள் நாங்கள். அவள் மேல் தப்பில்லை. பள்ளி முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் என்னிடம் விடுங்கள்.' இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டாவதைக் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

திங்கட்கிழமை பெயரைக் கூப்பிட்டதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் கையில் திணித்தேன். மைக் முன்னால் நின்று பிரித்தாள். "எங்கள் வீட்டில் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது" என்று தொடங்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கண்ணை வரிவரியாக ஓட்டி, ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். முன்வரிசையில் அம்மா முகம் மலர்ந்து கைதட்டினாள். நான் பையில் மிச்சமிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில், எங்கள் வீட்டில் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் தலைமையாசிரியை சிறுமியின் முதுகில் தட்டிக்கொடுத்து, அவள் கையிலிருந்த தாளை ஏறிட்டும் பார்க்காமல் வாங்கி, நான்கு மூலையிலும் ஊசி குத்திப் பலகையில் ஏற்றிவிட்டார்.

பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்தார்கள். பலகை என்னிடமிருந்து பத்தடிதான். தாள் மாறிவிட்டது என்று சொல்லி ஒரு இழுப்பில் கிழித்திருக்கலாம். நான் நகரவில்லை.

அம்மா வேலைக்குப் போகாமல், மகள் வாசித்த தாளைப் பார்க்கப் பலகையிடம் வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள். அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சிறுமி தாளை அண்ணாந்து பார்த்தபடி, அம்மாவுக்காக மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள் வீட்டில் மறுபடியும் சிரிப்பு..."

விரல் இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.