பல்தடம்

என் தங்கை குழந்தைகளுக்குப் பாட்டு எழுதி, படமும் வரைகிறவள். நாற்பத்தைந்து வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். எட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். எட்டிலும் ஒரே குடும்பம்: அப்பா, அம்மா, அண்ணன், இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண். நாலு நாற்காலி, நாலு பேர். வேறு யார், நாங்கள்தான்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றிப் பாட்டோ, அவர் படித்துப் பார்த்து, தாளின் அடியில் பென்சிலால் ‘சரி’ என்று எழுதித் தர வேண்டும். அப்புறம்தான் அச்சுக்குப் போகும். அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருந்தவரை ஒரு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிப்பார்கள். எனக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம். குழாய் ரிப்பேருக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஈரக்கையோடு ‘சரி’ போட்டுத் தள்ளிவிடுவேன். எட்டுப் புத்தகத்துக்கும் அப்படித்தான்.

அதன் பலன் ஒரு நாள் கிடைத்தது. ஒரு வீட்டில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்த சிறுமி என் மீசையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முக்கியமாக வயிற்றைப் பார்த்தாள்.

“அம்மா! தொந்தி அண்ணன் நிஜமாவே வந்துட்டாரு!”

ஓடிப்போய்ப் புத்தகத்தைத் தூக்கி வந்தாள். படத்தில் அச்சு அசல் நான். பக்கத்தில் பாட்டு:

தொட்டிக்கு அடியில் போனார் அண்ணன்,
தொந்தி மாட்டித் தவித்தார் அண்ணன்!
காலைப் பிடித்து இழுத்தோம் எல்லாரும்,
கதவோடு சேர்ந்து வந்தார் அண்ணன்!

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, மகள் பக்கத்திலேயே குந்தி வேடிக்கை பார்க்க, நான் தொட்டிக்கு அடியில் போனேன். மாட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் மானம் போனது போனதுதான்.

நேரே பாப்பா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். “என்னைக் கேலிப்பொருளா ஆக்கிட்டியே! யாரைக் கேட்டு எழுதின?”

அவள் பதறவே இல்லை. ஒரு ஃபைலை எடுத்து அந்தத் தாளை நீட்டினாள். அடியில் ஈரக்கறையோடு என் ‘சரி’.

வகையாக மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு வாய்தான் நீளும். எனக்கும் நீண்டது. “எங்கப்பா, எங்கம்மா, நான்... நாங்கதான் உனக்குக் கிடைச்சோமா? சொந்தமா ஒரு குடும்பம் இருந்தா அதை எழுதிக்கோ!”

சொன்ன மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பாப்பா எங்கள் வீட்டில் பிறந்தவள் இல்லை. அப்பாவின் சிநேகிதருடைய மகள். பெற்றவர்கள் இருவரும் போய்விட, ஐந்து வயதில் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். நாற்பது வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு தொந்திக்காக நான் சொல்லித் தொலைத்தேன்.

“சரிண்ணா, மாத்திடறேன்” என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் வேலை என்றாள். “என்ன பேசினீங்க அவகிட்ட?” என்று என் மனைவி குடைந்து எடுத்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏழாவது வாரம் தபாலில் ஓர் உறை வந்தது. ஒன்பதாவது புத்தகத்தின் தாள்கள். “இந்தத் தடவையாவது படிச்சுட்டுப் போடுங்க” என்று மனைவி பென்சிலைக் கையில் திணித்தாள்.

படித்தேன். என் பக்கம் வந்தது. தொந்தி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, கம்பீரமான நடை, ‘அனைவரும் போற்றும் அண்ணன்’. பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது.

கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும் படம். அப்பா, அம்மா, நான். மூன்று நாற்காலி. இரட்டைச் சடையைக் காணோம். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எங்கேயும் அவள் இல்லை. தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு செருப்பை மாற்றி மாட்டியபடி ஓடினேன்.

“எங்கடி நீ?” என்று கதவைத் திறந்ததும் கேட்டேன்.

“நீ சொன்னதுல தப்பில்லையேண்ணா” என்றாள் பாப்பா. “வெளியிலேருந்து பாத்து எழுதினேன். அவ்வளவுதான்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்தான் என்னைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது என்ன?”

“தழும்பு.”

“யாரு பல்லு?”

அவள் என் சட்டைக் கையை இறக்கிவிடப் பார்த்தாள்.

“வந்து பத்து நிமிஷம் ஆகல, கடிச்சு வெச்ச. ரத்தம் சொட்டுது. எங்கம்மா யாரை அடிச்சாங்க? என்னை! பெத்த பிள்ளை அழறேன், உன்னைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. சாப்பாட்டுக்கு என் நாற்காலியையும் உனக்கே குடுத்தாங்க. அந்த நிமிஷமே அவங்க உன் கட்சி. வெளியிலேருந்து பாத்தாளாம்! என் நாற்காலியில உக்காந்துகிட்டுப் பாத்தவடி நீ!”

கத்திவிட்டு, அவள் மேஜையிலேயே தாளை விரித்து, ‘சரி’ போட வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் ‘தப்பு’ என்று எழுதினேன். கை நிற்கவில்லை. அதன் கீழேயே எழுதினேன்:

வந்த அன்னைக்கே கடிச்சா பாப்பா,
மணிக்கட்டுல இருக்கு அடையாளம்.
அம்மா அடிச்சது என்னைத்தான்,
அவளுக்குக் கிடைச்சது என் நாற்காலி.

பாப்பா எட்டிப் பார்த்தாள். “எதுகையே இல்லையேண்ணா” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னாள்.

“எதுகையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அப்படியே போடு. தொந்தியையும் திருப்பிப் போடு, அந்தச் சான்றிதழ்காரனை எனக்குப் பிடிக்கல.” பென்சிலை அவள் பக்கம் தள்ளினேன். “உன்னைப் பத்தின பாட்டு. உன் சட்டப்படி நீதான் எழுதித் தரணும்.”

அவள் என்னைப் போல இல்லை. நாலு வரியையும் நாலைந்து தடவை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பிறகு அடியில் ‘சரி’ என்று எழுதினாள். சற்று யோசித்து, பக்கத்திலேயே இன்னொரு வரியும் சேர்த்தாள்: ‘ஆனால் முதலில் என் பையைப் பிடுங்கியது அண்ணன்தான்.’

நான் பிடுங்கவில்லை. வாங்கி உள்ளே வைக்கத்தான் போனேன். நாற்பது வருடமாகச் சொல்கிறேன், கேட்டால்தானே.